மஞ்சுவிரட்டு நாளில் வீட்டிலிருந்தவர்

2018 ஜூன் 20, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் விடாத நாள். முந்தின நாள் பிடித்து வைத்திருந்த குடத்துத் தண்ணீரில் சமைத்தேன். எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல். கணவருக்கு இரத்த அழுத்த மாத்திரையை எடுத்து வைத்தேன். எட்டேகாலுக்குப் பேருந்து. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. பையில் சாப்பாடு, மூக்குக் கண்ணாடி, இரண்டு பேனாக்கள், வெள்ளைக்கண்ணுவின் கோப்பு.

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தின் மேற்பாதி இப்படி இருக்கிறது. கீழ்ப்பாதியில் ஒரு வரிதான்: "வெள்ளைக்கண்ணு உள்ளே போனார்." எதையும் முழுதாக எழுதி வைக்கிற பழக்கமுள்ள எனக்கு அன்று மாலை எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எழுத வைத்தவர் நித்யா. நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். போன மாதம் தொலைபேசியில் கேட்டார்: "மேடம், புதுச் சட்டமெல்லாம் வந்திருச்சு. நம்ம மேற்பார்வையில இருக்கிற ஒருத்தர் மேல புதுசா ஒரு கேஸ் விழுந்தா, உடனே கோர்ட்டுக்கு எழுதணுமா? இல்ல, அந்தக் கேஸ் முடியுற வரைக்கும் பொறுக்கலாமா?" எழுதத்தான் வேண்டும் என்றேன். "எழுதினா அவரை உள்ள தள்ளிருவாங்களா மேடம்?" என்றார் அடுத்ததாக. அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

நான் நன்னடத்தை அலுவலராக இருந்தவள். குற்றம் நிரூபணமான ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் விடுவிக்கலாம். தண்டனை ரத்தாவதில்லை, தள்ளிப்போகிறது. பத்திரக் காலம் முடியும்வரை அவரை மாதந்தோறும் பார்த்து, வீட்டுக்குப் போய் விசாரித்து, நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. பத்திரத்தை மீறினால் பழைய குற்றத்துக்கு அப்போது தண்டனை கொடுப்பார்கள்.

வேலூரில் நடந்த பயிற்சியில் சட்டப் பிரிவுகளைக் கற்றேன். வேலையைக் கற்றது பணியில் சேர்ந்த முதல் மாதத்தில். திருமயம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு அலுவலக ஜீப்பில் போய் இறங்கி, ஒருவர் வீட்டுக்கு வழி கேட்டேன். அவர் மேல் வழக்கு இருந்தது அதுவரை தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பஞ்சாயத்துத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை அவருக்குப் போயிற்று. அதன்பிறகு நான் பேருந்திலும் மினி பஸ்ஸிலும்தான் போனேன். யார் கேட்டாலும் "சொந்தக்காரங்க" என்று சொல்லிவிடுவேன்.

மீதியைக் கற்றுக்கொடுத்தவர் சண்முகநாதன் சார். திருச்சியில் எங்கள் மேலதிகாரி. அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அதைத் திரும்பக் கட்டும்வரை யாரும் பேசக் கூடாது. பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் குறி போடுவார். நாம் கண்ணால் பார்த்ததற்கு ஒரு கோடு. பிறர் சொல்லிக் கேட்டதற்கு ஒரு புள்ளி. இரண்டும் இல்லாதவற்றை அடித்துவிடுவார். "திருந்தி வாழ்கிறார்" என்று ஒருமுறை எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, "இதை எங்கம்மா பார்த்தீங்க?" என்றார். கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்பார்.

வெள்ளைக்கண்ணு என் மேற்பார்வைக்கு வந்தபோது முப்பத்தைந்து வயது இருக்கும். பொன்னமராவதிக்கு வடக்கே ஒரு கிராமம். கொஞ்சம் நிலம், ஆடுகள், மனைவி சுதா, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். வரப்புச் சண்டையில் பங்காளியின் கையை மண்வெட்டிக் காம்பால் அடித்து முறித்துவிட்டார். அதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. மூன்று வருடப் பத்திரத்தில் விடுவித்தார்கள்.

நீதிமன்றம் விட்டாலும் ஊர் விடவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி. கோயில் திருவிழாவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். பங்காளியை அடித்ததிலிருந்து அவரிடம் ஊர் வரி கேட்கவில்லை. வரி வாங்காமல் விடுவதுதான் அங்கே தண்டனை. வரி இல்லையென்றால் கோயிலில் விபூதி இல்லை. நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. ஒருமுறை என் அலுவலகத்தில் உட்கார்ந்து வெள்ளைக்கண்ணு சொன்னார்: "ஜெயிலுக்குப் போயிருந்தாக்கூட வெளிய வந்துருப்பேம்மா. இது எப்ப முடியும்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

அந்த வருடம் மாசியில் ஊரில் மஞ்சுவிரட்டு. முறையான அனுமதி வாங்கவில்லை என்பதைக் கேள்விப்பட்டேன். அதற்கு முந்தைய சந்திப்பில் அவரிடம் சொல்லியிருந்தேன், போலீஸ் நிற்கிற இடத்துப் பக்கமே போகக் கூடாது என்று. சொன்னதோடு விடாமல் மஞ்சுவிரட்டு அன்றைக்கே வீட்டு விசாரணையையும் வைத்துக்கொண்டேன்.

மினி பஸ் ஊருக்குள் போகவில்லை. "மாடு வெரட்டுறாங்கக்கா, கம்மாக்கரையில எறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர். தெருவில் ஆளே இல்லை. கண்மாய்க்கு அப்புறம் இருந்த பொட்டலிலிருந்து கூச்சல் எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கண்ணு வீட்டு வாசலில் ஆட்டுப் பட்டிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்.

"அங்கிட்டுப் போகலம்மா," என்றார் என்னைக் கண்டதும்.

சுதா உள்ளிருந்து வந்தார். "ஆளு இங்கிட்டுத்தான் இருக்காரு. காது ரெண்டும் பொட்டல்ல கெடக்கு. காலையிலேருந்து அந்த ஒரே கம்பைப் புடுங்கிப் புடுங்கி நட்டுக்கிட்டு இருக்காரு, கேளுங்க."

"கம்பு ஆடுது," என்றார் அவர்.

"கம்பா ஆடுது?"

மூன்று பேரும் சிரித்தோம். சுதா டீ போட்டுக் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது, கொம்பில் துண்டு கட்டிய காளை ஒன்று கூட்டத்திலிருந்து தப்பித் தெருவோடு ஓடியது. வெள்ளைக்கண்ணு எழுந்தார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டார். கூச்சல் ஓய்ந்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கியபின்தான் நான் கிளம்பினேன்.

அதன்பின் நடந்தது எனக்கு மே மாதம்தான் தெரியும். அவரே சொன்னார், அதுவும் நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி. அன்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"எங்களைப் புள்ளியில சேத்துக்கிட்டாங்கம்மா."

"ரொம்ப சந்தோஷம். எப்ப?"

"மஞ்சுவெரட்டு அன்னைக்கு ராவே. அம்பலம் ஆள் விட்டுக் கூப்புட்டாரு. ஸ்டேசன்ல பேரு கேக்குறாங்க, இந்தத் தடவ ஒன் புள்ளி வருது, குடுப்பியாடான்னாரு. என்னைக் கேட்டாரும்மா."

அம்பலம் என்பது ஊர்த் தலைவர். அந்த ஊர் ஏற்பாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது. அனுமதியில்லாமல் மாடு விட்டால் காவல் நிலையத்தில் வழக்குப் போட்டே ஆக வேண்டும். கூட்டத்தில் மாட்டை விட்டது யார், பிடித்தது யார் என்று யாரும் தேடிக்கொண்டிருப்பதில்லை. ஊரே சில பெயர்களைக் கொடுத்துவிடும், வருடத்துக்கு இன்னார் புள்ளி என்று முறை வைத்து. பெயர் கொடுத்தவர்கள் ஒன்றாக நீதிமன்றம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள். அபராதம் ஊர்ப் பொதுவில் கட்டப்படும். பெயர் கொடுப்பது அங்கே மரியாதை.

"கோர்ட்டுக்குப் போயாச்சா?"

"போன மாசமே முடிஞ்சுதும்மா. அது முடிஞ்சப்புறம் ஒங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். எல்லாருமா நின்னு ஒத்துக்கிட்டோம். அஞ்சு நிமிசம். வெளிய வந்து அம்பலம் எல்லாத்துக்கும் பரோட்டா வாங்கிக் குடுத்தாரு."

"நீங்க வீட்டுலதானே இருந்தீங்க? நான்தானே பார்த்தேன்?"

"ஆமாம்மா. நீங்க சொன்னபடி போகவே இல்லையே." அவர் முகத்தில் குழப்பமே இல்லை. "பேருக்குத்தானேம்மா."

புதிய குற்றத்தை ஒப்புக்கொண்டதால் பத்திரம் மீறப்பட்டுவிட்டது என்று விளக்கினேன். நான் நீதிமன்றத்துக்கு எழுதியாக வேண்டும் என்றேன். கேட்டுவிட்டுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார். "அம்பலத்தைக் கேட்டுட்டு வாரேம்மா," என்று எழுந்தார்.

அறிக்கையைத் திருச்சிக்குக் கொண்டுபோனேன். சண்முகநாதன் சார் கடிகாரத்தைக் கழற்றினார். மஞ்சுவிரட்டு அன்று அவர் வீட்டில் இருந்தார் என்ற வாக்கியத்துக்குக் கோடு. ஊர் முறைப்படி பெயர் கொடுத்ததாகச் சொல்கிறார் என்பதற்குப் புள்ளி. ஒன்றையும் அடிக்கவில்லை. கடிகாரத்தைக் கையில் எடுத்தவர் கட்டாமல் வைத்திருந்தார்.

"இந்த வரி அவனைக் காப்பாத்தும்னு நினைச்சு எழுதியிருக்கீங்களா?"

"அதுதான் நடந்தது சார்."

"நான் அதைக் கேக்கலம்மா. அவன் கோர்ட்டுல வேற சொல்லியிருக்கான். ஊரும் கூட நின்னு சொல்லியிருக்கு. இப்ப இது உள்ள போனா, யாரோ ஒருத்தர் பொய்யின்னு ஆகும்."

"எடுத்துரலாமா சார்?"

கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "பார்த்ததை எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. உங்களுக்கும் இல்ல. அனுப்புங்க."

இனி ஜூன் 20. நீதிமன்ற வராந்தாவில் அரசு வழக்கறிஞர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "முதல் மீறல்தானே மேடம். மாட்டுக் கேஸ். சட்டத்துல அம்பது ரூபா அபராதத்துக்கு இடம் இருக்கு. கட்டிட்டு வீட்டுக்குப் போயிருவாரு." வெள்ளைக்கண்ணு, சுதா, அம்பலம், ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். தனியாக வழக்கறிஞர் வைக்கவில்லை. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதற்கு எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள்.

நீதிபதி இளைஞர். மெல்லப் பேசுவார். என் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"வெள்ளைக்கண்ணு, இந்த அம்மா அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தாங்களா?"

"வந்தாங்கய்யா."

"மாடு விட்ட நேரத்துல நீங்க வீட்டுல இருந்ததா எழுதியிருக்காங்க. இதே கோர்ட்டுல, என் முன்னால, பொட்டல்ல நின்னு மாடு விட்டேன்னு ஒத்துக்கிட்டீங்க. எது சரி?"

வெள்ளைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்டுல இருந்தேன்னு சொன்னா அந்தத் தீர்ப்பைச் சரிபண்ண வழி இருக்கு. உங்க பேரை யார் கொடுத்தாங்கன்னு மட்டும் விசாரிப்போம். மத்தியானம் கூப்பிடுறேன். யோசிச்சு வச்சுக்குங்க."

வராந்தாக் கோடியில் ஒரு வேப்ப மரம். அங்கே எல்லோரும் நின்றோம். என் சாப்பாட்டை நான் திறக்கவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க," என்றேன். "இல்லேன்னா ஆறு மாசமோ ஒரு வருஷமோ உள்ள இருக்க வேண்டி வரும். நான் பயமுறுத்தலைங்க."

சுதா அவர் கையைப் பிடித்தார். "சொல்லிருங்க. புள்ளியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இத்தன நாளு அது இல்லாம சோறு திங்கலையா?"

அம்பலம் வயதானவர், கேலிப் பேச்சுக்காரர். "வெள்ளைக்கண்ணு மாடு புடிச்சான்னு கேஸு போட்டதே எங்க ஊருல பெரிய சிரிப்புத்தாம்மா," என்றார். "இவன் ஆட்டுக்குட்டியப் புடிக்கவே ரெண்டு பேரு வேணும்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஐயா," என்றேன், "நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "சொல்லலாம்மா. சொன்னா ஸ்டேசன்லேருந்து வந்து, அப்ப மாடு விட்டவன் எவன்னு கேப்பாக. ஊரு முச்சூடும் நிக்கணும். அடுத்த மாசிக்கு எவனும் பேரு குடுக்க மாட்டான். நான் ஒருத்தனுக்குப் பாக்குறதா, ஊருக்குப் பாக்குறதா?" பிறகு வெள்ளைக்கண்ணுவிடம் திரும்பினார். "நான் ஒன்னைச் சொல்லாதேன்னு சொல்லலப்பா. ஒன் இஷ்டம்."

வெள்ளைக்கண்ணு என்னிடம்தான் பேசினார். "போன மாசம் எம் மக காது குத்துக்கு ஊரே வந்துச்சும்மா. எந் தங்கச்சி கல்யாணத்துக்கு வராத ஆளெல்லாம் வந்து ஒக்காந்து சாப்புட்டாங்க. இப்ப நான் கோர்ட்டுக்குள்ள போயி, அம்பலம் குடுக்கச் சொன்னாருன்னு சொன்னா, அந்தப் புள்ளைய எந்த மொகத்தோட தெருவுல நடக்கச் சொல்லுவேன்?"

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி அதே கேள்வியைக் கேட்டார். வெள்ளைக்கண்ணு பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அம்பலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டல்லதான் இருந்தேங்கய்யா."

"அப்ப இந்த அம்மா எழுதினது?"

நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அவங்க நல்லவங்கய்யா. நாளு மாறிப் போயிருக்கும்."

நாள் மாறவில்லை என்று நான் சொன்னேன். நீதிபதி தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். நெடுநேரம் எழுதினார். மாடு விட்டது சிறு விஷயம், அபராதத்தோடு விட்டிருப்பேன் என்றார் பிறகு. நீதிமன்றத்தில் நின்று இரண்டாம் முறையும் பொய் சொல்கிறவரை நன்னடத்தைப் பத்திரத்தில் விட்டு வைக்க முடியாது. பத்திரம் ரத்து. பங்காளியின் கையை முறித்த பழைய குற்றத்துக்கு ஆறு மாதம் சிறை.

காவலர் அவரை வெளியே கூட்டிவந்தபோது சுதா சாப்பாட்டுத் தூக்கை நீட்டினார். வாங்கிக்கொள்ள விடவில்லை. ஊர்க்காரர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். அவர்களில் ஒருவர், இவன் நமக்காகப் போகிறானே என்ற மாதிரி ஏதோ சொன்னார். அம்பலம் குரலைத் தாழ்த்தாமலே பதில் சொன்னார்: "நம்ம கேஸுக்குத்தான் ஃபைன் கட்டியாச்சேப்பா. இது அவன் பழைய கேஸு. பங்காளியை அடிச்சதுக்குப் போறான்."

சுதாவுக்கு அது கேட்டது. வெள்ளைக்கண்ணுவுக்கும் கேட்டிருக்கும், அவர் ஜீப்பில் ஏறும் முன் ஒரு கணம் நின்றார். ஜீப் போனபின் சுதா என்னிடம் வந்தார். அழவில்லை.

"அன்னைக்கு எங்க வீட்டுக்கு ஒங்கள யாரும்மா வரச் சொன்னது?" என்றார். "நீங்க வராம இருந்திருந்தா அம்பது ரூவாயோட வீட்டுக்கு வந்துருப்பாருல்ல."

அறிக்கையில் அந்த வரியை எழுதியது தவறு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. நித்யா கேட்டாலும் எழுதச் சொல்வேன். ஆனால் அன்று மாலை பேருந்தில் ஜன்னல் ஓர இடம் காலியாக இருந்தும் நான் திருமயம்வரை நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார். இரவு நாட்குறிப்பில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 21, வியாழக்கிழமை. அலுவலகம் திறக்கும் முன்பே சுதா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். மடியில் ஒரு துணிப்பை. கைலி, சட்டை, சோப்பு. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"ஜெயில்ல எப்புடிப் பாக்குறதுன்னு தெரியல. ஊருல யாரையும் கேக்க மனசு வல்ல."

என் பையை உள்ளே வைக்கக்கூட இல்லை. அப்படியே சிறை வாசலுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே இருப்பவரைப் பார்க்க மனு எழுத வேண்டும். சுவரோரம் நின்று நான் எழுத, அவர் சொல்லிக்கொண்டு வந்தார். பெயர், ஊர், உறவு.

"என்ன கேஸுன்னு எழுதணுமா?"

"ஆமா."

"மாட்டுக் கேஸுன்னு எழுதுங்கம்மா. ஊருக்குப் பேரு குடுத்த கேஸுன்னு." அவர் குரல் தாழ்ந்தது. "பஸ்ஸுல வரும்போதே பங்காளிய அடிச்சவன் பொண்டாட்டின்னு பேசுறாங்க. எங்கயாச்சும் ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்."

"அதை எழுத இதுல இடமில்லைங்க," என்றேன். "எழுதினா மனுவைத் திருப்பிருவாங்க. பார்க்க விட மாட்டாங்க."

அவர் சிறைக் கதவைப் பார்த்தார். பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப நீங்க எழுதுறபடி எழுதுங்க."

பழைய வழக்கின் எண்ணை எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.